மின்கட்டணத்துக்குக் கூட்டம் போட்டுக் கேட்கிறார்கள், ரீசார்ஜ் கட்டணத்துக்கு ஏன் யாரும் கேட்பதில்லை?

நெல்லைச்சீமையான்:

2022 ஆகஸ்டில் மின்கட்டண உயர்வு பற்றித் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. மதுரைக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். வாசலில் பெயர் கொடுத்தால் வரிசைப்படி கூப்பிடுவார்கள். எனக்கு முன்னால் பேசியவர் ஒரு மாவு மில்காரர். பழைய பில்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கையில் வைத்திருந்தார். ‘மிஷின் ஓடாத மாசமும் நிலைக்கட்டணம் கட்டணும்னா, நான் யாருக்கு அரைச்சு அதைக் கட்டறது?’ என்றார். மேடையிலிருந்து அவருடைய மின்பளு எவ்வளவு என்று கேட்டார்கள். பில்லைப் பிரித்துப் பார்த்துச் சொன்னார், குறித்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 10 முதல் கட்டணம் ஏறத்தான் செய்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு ஏற்றப்போகிறோம், ஏன் ஏற்றுகிறோம், வாரியத்துக்கு எவ்வளவு நட்டம் என்று முதலில் காகிதத்தில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் ஏற்றினார்கள்.

செல்போன் கட்டணத்துக்கு வாருங்கள். 2024 ஜூலை 3-இல் ஜியோவும் ஏர்டெலும், அடுத்த நாள் வோடபோன் ஐடியாவும் ஏற்றின. ஜியோவில் 155 ரூபாய் பேக் 189 ஆனது, ஏர்டெலில் 179 ரூபாய் 199 ஆனது. ஒரு கூட்டம் உண்டா, ஒரு காகிதம் உண்டா? ரேஷன் கடை ஓடிபிக்குக்கூட போன் வேண்டும் என்ற காலத்தில் இது மட்டும் எப்படி யாரையும் கேட்காமல் நடக்கிறது? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ரீசார்ஜ்கடை முருகன்:

அண்ணே, அந்த ஜூலை 2 ராத்திரி என்னைக் கடை ஷட்டரை இறக்க விடவில்லை. பழைய விலையிலேயே அடுத்த பேக்கையும் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற செய்தி வாட்ஸப்பில் சுற்றியதால் தெருவே வந்து நின்றது. விவரம் தெரிந்தவர்கள் வருஷ பேக்காகப் போட்டுக்கொண்டார்கள். வாரக்கூலி வாங்குகிறவர்கள் 28 நாள் பேக்குக்கே சில்லறை எண்ணினார்கள். யார் யாருக்கு ஏற்றம் உறைத்தது என்று அன்றைக்கு என் கவுண்டரில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.


சட்டப்புள்ளி:

அண்ணாச்சி, இரண்டுக்கும் சட்டமே வேறு.

2003 மின்சாரச் சட்டம், 64-ஆவது பிரிவு. கட்டணத்தை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கிறவர் அதை மக்கள் பார்க்கிற மாதிரி சுருக்கி வெளியிட வேண்டும். வருகிற ஆலோசனை, ஆட்சேபம் எல்லாவற்றையும் பரிசீலித்து 120 நாளுக்குள் ஆணையம் உத்தரவு போட வேண்டும். நீங்கள் மதுரையில் பார்த்த கூட்டம் அதன் தொடர்ச்சி.

தொலைபேசிக்கு 1997-இல் வந்த ட்ராய் சட்டம். ட்ராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 11(2) பிரிவு கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ட்ராய்க்குத் தருகிறது. 11(4) பிரிவு வெளிப்படையாக நடந்துகொள்ளச் சொல்கிறது. ஆக, அதிகாரம் இல்லாமல் இல்லை. ஆனால் 2000-களின் தொடக்கத்திலேயே செல்பேசிக் கட்டணத்தை ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வைத்த பிறகு 7 வேலை நாளுக்குள் எங்களுக்குத் தெரிவித்தால் போதும்’ என்று நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். ஃபார்பியரன்ஸ் என்பார்கள். உள்நாட்டு ரோமிங், கிராமப்புறத் தரைவழி இணைப்பு என்று சிலவற்றுக்கு மட்டும்தான் ட்ராய் வரம்பு வைத்திருக்கிறது.

விண்ணப்பமே போடத் தேவையில்லாத இடத்தில் விசாரணை எங்கிருந்து வரும்?


பழைய டெலிபோன்காரர்:

தம்பி சொல்வது சரி. அதற்கு முந்தைய கதையையும் சேர்த்துச் சொல்கிறேன், இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு நம்புவதற்கே கஷ்டமாக இருக்கும்.

நான் துறையில் சேர்ந்த காலத்தில் கட்டணம் டெல்லியில் முடிவாகும், எங்களுக்கு சர்க்குலர் வரும். புது வாடகைப் பட்டியலை எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் பசை தடவி ஒட்டுவதோடு எங்கள் வேலை முடிந்தது. வெளியூர்க் காலான எஸ்டிடியில் வரும் லாபத்தில்தான் உள்ளூர் லைன்கள் ஓடிக்கொண்டிருந்தன. திருச்சியிலிருந்து பம்பாய்க்குப் பேசுகிற ஜவுளி வியாபாரி, லோக்கல் கால் மட்டும் பேசுகிற வாத்தியார் வீட்டு போனுக்கும் சேர்த்துக் கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கால்வாசிக் கட்டணத்துக்காக மஞ்சள் பூத் வாசலில் ஜனம் காத்துக் கிடந்தது அதனால்தான்.

1999-இல் ட்ராய் முதல் கட்டண உத்தரவைப் போட்டது. எஸ்டிடி கட்டணமும் வெளிநாட்டுக் காலான ஐஎஸ்டி கட்டணமும் இறங்கின, மாத வாடகை ஏறியது. எங்கள் பக்கம் பெரிய சண்டை. ஆனால் ஒன்று, ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, கருத்துக் கேட்டு, எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று விளக்கம் எழுதிப் போட்ட உத்தரவு அது. திட்டுவதற்காவது கையில் ஒரு காகிதம் இருந்தது.

செல்போன் 1995-இல் வந்தபோது நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை வாங்கலாம் என்று வரம்பு. வருகிற காலுக்கும் நாம்தான் கட்டணும். 2003 மே மாதம்தான் அது ஒழிந்தது.


சந்தைப்பித்தன்:

ஐயா, நீங்கள் சொன்ன கதையே என் பக்கம் பேசுகிறது. 16.80-லிருந்து இன்றைய விலைக்கு எந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம் கொண்டுவந்தது? போட்டி கொண்டுவந்தது. 2009-இல் டோகோமோ வினாடிக்கு ஒரு பைசா என்றதும் எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் ஜிபிக்கு 250 ரூபாய் கொடுத்த டேட்டா காற்றில் பறந்தது.

மின்வாரியத்தைக் காட்டாதீர்கள். வீட்டுக்கு இரண்டாவது கம்பி கிடையாது, அதனால் அங்கே ஆணையம் வேண்டும். போனில் பிடிக்கவில்லை என்றால் நம்பரை மாற்றாமலேயே வேறு கம்பெனிக்குப் போகலாம். 2024 ஜூலையிலேயே போனார்களே! அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்கு 29 லட்சம் பேர் கூடினார்கள், மூன்று தனியார் நிறுவனங்களுக்கும் ஆள் குறைந்தது. அதைவிடப் பெரிய கருத்துக்கேட்பு எது?

இன்னொன்று. நீங்கள் புகழ்கிற அதே 2022 மின்கட்டண உத்தரவில், அடுத்தடுத்த ஜூலைகளில் விலைவாசிக் குறியீட்டை வைத்துத் தானாக ஏற்றிக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். 2024-இல் 4.83 சதவீதம் அப்படித்தான் ஏறியது. அதற்கு எந்த ஊரில் கூட்டம் போட்டார்கள்?


நெல்லைச்சீமையான்:

கடைசிப் பத்தி நியாயம். தானியங்கி ஏற்றம் எனக்கும் பிடிக்கவில்லை.

மற்றதற்கு வருகிறேன். ‘போட்டி பார்த்துக்கொள்ளும்’ என்று ட்ராய் கையை எடுத்த காலத்துக்குப் பிறகு நம் ஊரில் எத்தனை கடை திறந்திருந்தது? ஏர்செல், ஏர்டெல், வோடபோன், ஐடியா, ரிலையன்ஸ், டோகோமோ, யூனினார், எம்டிஎஸ், பிஎஸ்என்எல். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போனபோது வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான போர்ட் நம்பர் வாங்கத் தமிழ்நாடே அலைந்தது. அதே வருஷம் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மிச்சம் மூன்று தனியாரும் ஒரு அரசு நிறுவனமும்.

மூன்று பேரும் எப்போது ஏற்றினார்கள் என்று பாருங்கள். 2019 டிசம்பரில் மூவரும் ஒரு வாரத்துக்குள். 2021-இல் நவம்பர் 25, 26, டிசம்பர் 1. 2024-இல் ஜூலை 3, 3, 4. பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஒருவர் ஏற்றினால் மற்ற இருவரும் ஏற்றாமல் விட்டு ஆளைப் பிடிப்பார்கள் என்பதுதானே போட்டி? அது மூன்று முறையும் நடக்கவில்லை.


டீக்கடை பெஞ்ச்:

பெரிய பெரிய விஷயமா பேசுறீங்க. ஒரு சின்ன கேள்வி. மாசம்னா 30 நாள், 31 நாள். பேக் மட்டும் ஏன் 28 நாள்? வருஷத்துக்கு 13 தடவை போட வைக்கத்தானே?


ரீசார்ஜ்கடை முருகன்:

அதுக்குத்தான் 2022 ஜனவரியில் ட்ராய் ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒன்றாவது, மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றாவது வைத்தே ஆகவேண்டும். வைத்திருக்கிறார்கள். ஆப்பில் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனால் கண்ணில் படும்!


காலாண்டுக் கணக்கு:

பங்குச்சந்தைப் பக்கம் இருப்பதால் ஒரு விஷயம் சொல்கிறேன். கட்டண உயர்வுக்கு விளக்கம் கொடுக்கும் கூட்டம் இல்லை என்கிறீர்கள். இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. கூப்பிடப்படுகிறவர்கள் நாம் இல்லை, அவ்வளவுதான்.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிவு வெளியிட்டதும் முதலீட்டு ஆய்வாளர்களோடு தொலைபேசியில் ஒரு கூட்டம் நடத்துவார்கள். ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாக எவ்வளவு வருகிறது, அதை எங்கே கொண்டுபோகப் போகிறோம், 5ஜிக்குப் போட்ட பணம் எப்போது திரும்பும், எல்லாம் அங்கே பேசப்படும். ஏர்டெலில் அந்தச் சராசரி 2024 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 211 ரூபாய், விலையேற்றிய அடுத்த காலாண்டில் 233. 300 ரூபாய் வரவேண்டும் என்பதை அவர்கள் பல வருஷமாக வெளிப்படையாகவே சொல்லி வருகிறார்கள். அதாவது விலை ஏறப்போகிறது என்பது ஆய்வாளருக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே தெரியும், முருகன் கடை வாசலில் நிற்கிறவருக்கு ஐந்தாறு நாளைக்கு முன்னால்தான் தெரியும்.

இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. முதலீட்டாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று விதி இருக்கிறது, சொல்கிறார்கள். வாடிக்கையாளருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று விதி இல்லை, சொல்வதில்லை.


பழைய டெலிபோன்காரர்:

சபாஷ். இதைத்தான் என்னால் வார்த்தையில் கொண்டுவர முடியவில்லை.


சந்தைப்பித்தன்:

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். ஸ்பெக்ட்ரம் ஏலம், உரிமக் கட்டணம், நீங்கள் போடுகிற ரீசார்ஜில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2019 அக்டோபரில், அரசுக்குக் கட்டவேண்டிய பங்கை எந்த வருவாயை வைத்துக் கணக்கிடுவது என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது பழைய பாக்கி மலைபோல் வந்து விழுந்தது. அதில் தத்தளித்த வோடபோன் ஐடியாவின் பாக்கியை அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டதில், இன்று அதில் கிட்டத்தட்ட 49 சதவீதம் அரசிடம் இருக்கிறது. விலை ஏறாவிட்டால் நான்கு மூன்றாகும், மூன்று இரண்டாகும். அப்போது எங்கே போய் நிற்பீர்கள்?


சட்டப்புள்ளி:

சார், இதையெல்லாம்தான் அவர்கள் ஒரு பொதுக்கூட்டத்தில் சொல்லட்டும் என்கிறோம்! நீங்கள் அவர்களுக்காக இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நீதிமன்றம் போகலாமே என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். இணையக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லிப் போன மனுவை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தடையற்ற சந்தை, வேறு நிறுவனங்களும் இருக்கின்றன என்பதுதான் பதில். 2024-இல் எதிர்க்கட்சிகள் கேட்டபோது தொலைத்தொடர்புத் துறையும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது: விலையைச் சந்தை முடிவு செய்கிறது, அரசு தலையிடுவதில்லை.

2016-இல் கால் டிராப் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு கால் அறுந்தால் ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று வரை வாடிக்கையாளருக்குக் கொடு என்று ட்ராய் விதி போட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன, விதி ரத்தானது. அதே தீர்ப்பில், இப்படிப்பட்ட அமைப்புகள் விதி போடும் முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கவும், வந்த கருத்துக்குக் காரணத்தோடு பதில் சொல்லவும் நாடாளுமன்றம் பொதுவாக ஒரு சட்டம் இயற்றலாம் என்று நீதிமன்றம் யோசனையும் சொன்னது. வாடிக்கையாளருக்குச் சாதகமான விதியைப் பற்றிய வழக்கில் இதைச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். கருத்துக்கேட்பு ஒழுங்காக இல்லாவிட்டால் நமக்குச் சாதகமாக வரும் விதியும் நீதிமன்றத்தில் நிலைக்காது.


யாழ் தென்றல்:

இலங்கையிலிருந்து எழுதுறன். இங்கையும் இதே வித்தியாசம்தான்.

2022 நெருக்கடி நேரம் மின்கட்டணத்தை சராசரி 75 வீதம் கூட்டினவை. அதுக்கு முன்னம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிட்டைக் கருத்துக் கேட்டது. செப்டம்பர் 5-இலிருந்து தொலைபேசி, டேட்டாக் கட்டணம் 20 வீதம் கூடினது. அதுக்கு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி குடுத்தது, சனத்துக்குச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. ரீலோட் போடப் போன இடத்திலைதான் கனபேருக்குத் தெரியும்.

ஆனால் ‘எந்தக் கூட்டம் விலையைக் குறைச்சது’ எண்டு கேட்ட சந்தைப்பித்தன் அண்ணாவுக்கு ஒரு விசயம். 2024 கடைசியிலை மின்சார சபை கட்டணத்தை மாத்தத் தேவையில்லை எண்டு முன்மொழிஞ்சது. ஆணைக்குழு மக்கள் கருத்தையும் கேட்டு, கணக்கையும் பாத்து, 2025 ஜனவரியிலை சராசரி 20 வீதம் குறைச்சது. கணக்கு மேசைக்கு வந்தபடியால்தான் குறைக்க ஏலுமாயிருந்தது.


சந்தைப்பித்தன்:

இது எனக்குத் தெரியாது தம்பி. படித்துப் பார்க்கிறேன்.


பே ஏரியா ராஜி:

நான் இருக்கிற கலிபோர்னியாவில் லேண்ட்லைன் விலைக் கட்டுப்பாடு எப்போதோ போய்விட்டது. ஆனாலும் கூட்டம் போடும் பழக்கம் போகவில்லை. கேட்கிற யாருக்கும் லைன் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கடமையிலிருந்து தன்னை விடுவிக்கும்படி ஏடி அண்ட் டி மாநில ஆணையத்திடம் விண்ணப்பித்தது. 2024 தொடக்கத்தில் க்ளோவிஸ், யுகையா, இண்டியோ ஊர்களில் நேரிலும், பிறகு இணைய வழியிலும் மக்களைக் கேட்டார்கள். இணைய வழிக் கூட்டம் ஒன்றை நானும் கேட்டேன். காட்டுத்தீ வரும்போது செல் டவர் அணைந்துவிடும், செம்புக் கம்பி போன் மட்டும்தான் பேசும் என்று மலைப்பக்கத்துக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். பேசியவர்களில் பெரும்பாலும் வயதானவர்கள். அந்த ஜூனில் விண்ணப்பம் தள்ளுபடியானது.

நம் ஊரில் எனக்கு உறுத்துவது இடமும் மொழியும்தான். ட்ராய் ‘ஓபன் ஹவுஸ்’ என்று திறந்த கலந்துரையாடல் கூட்டம் நடத்துகிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆங்கில அறிக்கையைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பேச வரவேண்டும் என்றால் என் மாமியார் எப்படிப் போவார்?


ரீசார்ஜ்கடை முருகன்:

ராஜி அக்கா, உங்கள் மாமியார் மாதிரி ஆட்களுக்காக ஒரு காரியம் நடந்தது. என் கடைக்குக் கீரை விற்கிற ஒரு அம்மா வருவார். பட்டன் போன், பின்னால் மூடி கழன்று ரப்பர் வளையம் போட்டிருக்கும். ‘எனக்கு நெட்டு வேண்டாம்யா, பேச மட்டும் எவ்வளவு?’ என்பார். அப்படி ஒரு பேக் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது.

2024 ஜூலையில் ட்ராய் இதைப் பற்றி ஆலோசனை அறிக்கை விட்டது. கம்பெனிகள் தேவையே இல்லை என்றன. டிசம்பர் 23-இல் விதி வந்துவிட்டது: பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் வைக்கணும். பட்டன் போன் வைத்திருக்கிறவர்கள் நாட்டில் சுமார் 15 கோடி என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஜனவரியில் பேக் வந்தது. ஏர்டெலில் 24 ஜிபியோடு 1999 ரூபாயாக இருந்த வருஷ பேக், டேட்டா இல்லாமல் 1959. நாற்பது ரூபாய்தான் குறைவு! ட்ராய் ‘இந்த பேக்குகளை ஆராய்வோம்’ என்று ஒரு வார்த்தை வெளியே சொன்னது. சில நாளில் 1849 ஆகிவிட்டது. ஜியோவிலும் 1958 என்பது 1748 ஆனது, ஆனால் 365 நாளை 336 ஆக்கிவிட்டார்கள். நாள் கணக்குப் போட்டால் 5.36-க்கு 5.20. பதினாறு பைசா. கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து நானும் என் பையனும் சிரித்துவிட்டோம்.


காலாண்டுக் கணக்கு:

முருகன் அண்ணன் சொன்னதில் ஒன்று கவனிக்க வேண்டியது. ட்ராய் விலையை நிர்ணயிக்கவில்லை, உத்தரவும் போடவில்லை. பார்க்கப்போகிறோம் என்று மட்டும் சொன்னது. 1959-லிருந்து 110 ரூபாய் இறங்கியது.


நெல்லைச்சீமையான்:

இதுதான் நான் தேடியது. விலையை நீங்களே வையுங்கள், ஏன் வைத்தீர்கள் என்பதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லுங்கள்.

ட்ராய்க்கு ஒரு மனு எழுதலாம் என்று நினைக்கிறேன். நான்கு கோரிக்கை: விலையேற்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு, காரணமும் செலவுக் கணக்கும் எல்லா மாநில மொழியிலும், வருஷத்துக்கு ஒருமுறையாவது மாநிலத் தலைநகரில் திறந்த கூட்டம். நான்காவதாக, அடிப்படைப் பேச்சு பேக்குக்கு ட்ராயே உச்சவரம்பு வைக்கணும். யார் யார் பெயர் போடுகிறீர்கள்?


சட்டப்புள்ளி:

என் பெயரைப் போடுங்கள். நடைமுறை: ட்ராய் தளத்தில் ஆலோசனை அறிக்கை வரும்போது கருத்து அனுப்பப் பெரும்பாலும் நான்கு வாரம், பிறகு மற்றவர்கள் அனுப்பியதற்கு எதிர்க்கருத்துச் சொல்ல இரண்டு வாரம். அனுப்புகிற கருத்து தளத்திலேயே ஏறும். கம்பெனிகள் ஐம்பது பக்கம் அனுப்பும், தனிநபர்கள் இரண்டு வரி அனுப்புவார்கள். இரண்டு வரி போதாது. முருகன் போட்ட மாதிரி நாள் கணக்கைப் போட்டு அனுப்புங்கள். தனிப்பட்ட பில் தகராறை ட்ராய் எடுத்துக்கொள்ளாது, அதற்குக் கம்பெனியின் புகார் மையம், மேல்முறையீட்டு அதிகாரி, அப்புறம் நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் ஆணையம் போகலாம் என்பதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.


சந்தைப்பித்தன்:

முதல் மூன்றுக்கு என் பெயரையும் போடுங்கள். கணக்கை வெளியே வைக்கச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான்காவது இருந்தால் வரமாட்டேன். உச்சவரம்பு வைத்தால் எல்லாரும் அந்த உச்சத்திலேயே போய் உட்கார்ந்துகொள்வார்கள்.


பழைய டெலிபோன்காரர்:

அந்த பயம் எனக்கும் உண்டு. நான்காவதைத் தனி மனுவாக வைத்துக்கொள்வோம்.


ரீசார்ஜ்கடை முருகன்:

அண்ணே, அந்த 30 நாள் முன்னறிவிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மாதம் முன்னாலேயே சொன்னால் ஊரில் பாதிப் பேர் பழைய விலையில் வருஷ பேக்கைப் போட்டுக்கொள்வார்கள். எனக்குக் கமிஷன் வரும், சந்தோஷம்தான். கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்வானா?


நெல்லைச்சீமையான்:

ஒத்துக்கொள்ள மாட்டான். 30 என்று கேட்போம், 15 கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். ராஜி, தமிழில் எழுதி நாளை இங்கே போடுகிறேன், ஆங்கிலத்தில் நீங்கள்தான் மாற்றித் தரவேண்டும்.


பே ஏரியா ராஜி:

போடுங்கள் அண்ணா, செய்து தருகிறேன். முருகன் அண்ணா போட்ட அந்த 5.36, 5.20 கணக்கை 84 நாள் பேக்குகளுக்கும் சேர்த்து ஒரு அட்டவணையாகத் தாருங்கள், அதைப் பின்னால் இணைத்துவிடலாம்.